வழியாத வண்ணம்

ஜன்னல் கம்பிக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரஷ் போன வழியெல்லாம் முதலில் கோடு கோடாகத் தெரியும். அடிப்பவர் அதைச் சட்டை செய்யாமல் அடுத்த கம்பிக்குப் போய்விடுவார். சற்று நேரத்தில் கோடுகள் தாமாக அமுங்கி, கம்பி பளபளவென்று ஆகிவிடும். காய்ந்த பிறகும் கோடு தெரிந்தால் வேலை சுத்தமில்லை என்று வீட்டுக்காரர் கூலியில் கைவைப்பார்.

ஓவியர் கையில் பிரஷ் போனால் நிலைமை தலைகீழ். கோவை அவிநாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவின் முதல் இயக்குநராக இருந்தவர் பெயரில் நடப்பது. நூலையும் துணியையும் ஆராய்ந்தவர் பெயரில் ஓவியத்துக்கு ஓர் இடம் இருப்பது இந்த ஊருக்குப் பொருத்தம்தான். அங்கேயோ வேறு எந்தக் கண்காட்சியிலோ, ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு நேரே நிற்காமல் சுவரோரமாக ஒதுங்கிப் பக்கவாட்டில் பாருங்கள். வண்ணம் ஆங்காங்கே மேடு தட்டியிருக்கும். பிரஷ் எங்கே அழுந்தியது, எங்கே தூக்கப்பட்டது என்பதெல்லாம் தெரியும். உலகின் புகழ்பெற்ற ஓவியங்கள் சிலவற்றில் இந்தத் தடம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது.

எனாமலும் சரி, ஓவிய வண்ணமும் சரி, இரண்டும் எண்ணெய் வழிப் பிறந்தவைதாம். ஒன்றில் தடம் அரை மணி நேரம் தாங்குவதில்லை. மற்றதில் தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது. ஏன்?

ஓவியம் கற்க வருகிறவர்கள் இதை முழுக்கவும் கைப்பழக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கைப்பழக்கம் பாதிதான். மீதி, வண்ணத்தின் குணம். அது பிடிபடாதவரை எவ்வளவு வேகமாகக் கையை வீசினாலும் தடம் படுத்துவிடும்.

இளகு எல்லை

கெட்டித் தயிரில் கரண்டியால் அள்ளிய பள்ளம் அப்படியே நிற்கும். நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் அதே தயிர் ஒழுகும். டியூபிலிருந்து பிதுக்கிய எண்ணெய் வண்ணமும் இந்த ரகம்தான். சும்மா விட்டால் திடப்பொருள்போல் உட்கார்ந்திருக்கும். ஓர் அளவுக்கு மேல் தள்ளினால் இளகி ஓடும். தள்ளுவதை நிறுத்தினால் மறுபடி இறுகும். ஓட வைப்பதற்குத் தேவையான அந்தக் குறைந்தபட்சத் தள்ளலை 'இளகு எல்லை' என்று வைத்துக்கொள்வோம்.

வண்ணம் என்பது எண்ணெயில் அரைத்த நிறப்பொடி. பொடித்துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் ஒன்றையொன்று பற்றி ஒரு மெல்லிய கூடு கட்டிக்கொள்கின்றன. பிரஷ் அழுத்தும்போது கூடு உடைகிறது. விட்டதும் திரும்பக் கட்டிக்கொள்கிறது. பொடி அதிகமானால் கூடு பலப்படும். எண்ணெய் அதிகமானால் துகள்கள் விலகிப்போய்க் கூடு தளரும்.

கூடு எவ்வளவு எடை தாங்க வேண்டும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். நிமிர்த்தி வைத்த கேன்வாஸில் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வெள்ளையை அப்புகிறோம். அதில் ஒரு சதுர சென்டிமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டால் 0.3 கன சென்டிமீட்டர் வண்ணம். வெள்ளை வண்ணம் தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ஆக 0.6 கிராம். அவ்வளவுதான் கீழே இழுக்கிறது. டியூபிலிருந்து வரும் கெட்டியான வண்ணம் இதைப்போல் சில மடங்கைத் தாங்கும். அதனால் வழியாது.

இந்தக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. அப்பிய இடம் விரலளவோ உள்ளங்கையளவோ, ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் விழும் பாரம் மாறுவதில்லை. அகலம் கூடினால் பிடித்துக்கொள்ளும் துணியும் சேர்ந்தே கூடுகிறது. ஆபத்து தடிமனில் மட்டும்தான். பெரிதாக வரைந்தால் வழியும் என்ற பயம் தேவையில்லை.

எனாமலில் இந்த இளகு எல்லையை வேண்டுமென்றே குறைத்துவிடுகிறார்கள். பிரஷ் கிழித்த மேடு பள்ளங்களைப் பரப்பு இழுவிசை இழுத்துச் சமன் செய்துவிடுகிறது. எவ்வளவு நேரத்தில்? அதற்கு விதி இருக்கிறது, கொஞ்சம் வியப்பானது. பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இடைவெளி இரண்டு மடங்கானால், அவை சமனாக 16 மடங்கு நேரம் பிடிக்கும். நெருக்கமான கோடு சீக்கிரம் மறையும். தள்ளித் தள்ளி விழுந்த கோடு லேசில் மறையாது. மெல்லிய முடி பிரஷ் பெயிண்ட் அடிக்கவும், முரட்டுப் பன்றிமயிர் பிரஷ் தடம் பதிக்கவும் ஏற்றதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பன்றிமயிரின் நுனி இயற்கையிலேயே இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கும். அது கெட்டி வண்ணத்தைச் சுமக்கும். இழுக்கும்போது அகலமான சாலாகக் கீறும்.

கற்பவர்கள் செய்யும் முதல் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. வண்ணம் பிரஷ்ஷில் கனக்கிறதே என்று சின்னக் கிண்ணத்து லின்சீட் ஆயிலில் அடிக்கடி தோய்க்கிறார்கள். பிரஷ் வழுக்கிக்கொண்டு ஓடும், சுகமாகத்தான் இருக்கும். துகள் கூடு குலைந்து தடம் மட்டும் படுத்துவிடும்.

1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கும் தகர டியூபைக் கண்டுபிடிக்கும்வரை, அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்துக் கட்டி வைத்திருந்தார்கள். டியூப் வந்த பிறகு கெட்டி வண்ணம் காயாமல் கைவசம் இருந்தது. வான்கா வண்ணத்தை அள்ளி அள்ளி அப்பியதற்குப் பின்னால் இந்தத் தகரக் குழாயும் இருக்கிறது. டியூப் இல்லாத காலத்தில் ரெம்பிராண்ட் என்ன செய்தார் என்பது வெகுநாள் புதிர். அவருடைய ஓவியங்களின் தடித்த வெள்ளைப் பகுதிகளில் பிளம்போநாக்ரைட் என்ற அரிய ஈயச் சேர்மம் இருப்பதை 2019இல் கண்டார்கள். அவர் எண்ணெயில் ஈய ஆக்ஸைடைச் சேர்த்து அதைப் பசைபோலக் கெட்டியாக்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஈயம் நஞ்சு; இன்று டைட்டானியம் வெள்ளை போதும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ரெம்பிராண்டும் கையை மட்டும் நம்பவில்லை, வண்ணத்தையும் தயார் செய்தார்.

காங்கேயத்தில் இல்லாத எண்ணெயா?

தடம் வழியாமல் நின்றுவிட்டது. அது நிரந்தரமாக வேண்டுமே? இங்கேதான் எண்ணெயின் வேலை தொடங்குகிறது.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் களம் களமாகக் கொப்பரை காய்வதைப் பார்க்கலாம். எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத வட்டாரம். அந்தத் தேங்காயெண்ணெயில் நிறப்பொடியைக் குழைத்து வரைந்தால் என்ன? வரையலாம், அடுத்த வருஷம் தொட்டாலும் விரலில் ஒட்டும். மார்கழிக் காலையில் பாட்டிலில் தேங்காயெண்ணெய் உறைவது வேறு சங்கதி. அது குளிரில் இறுகி வெயிலில் உருகிவிடும். ஓவியத்துக்கு வேண்டியது திரும்பிப் போகாத இறுக்கம்.

தண்ணீர் காய்கிறது என்றால் ஆவியாகிப் போகிறது. லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், அப்படிக் காய்வதில்லை. அது காற்றிலிருந்து ஆக்ஸிஜனை உள்ளே இழுக்கிறது. எண்ணெய் மூலக்கூறின் நீண்ட கார்பன் சங்கிலியில் சில இடங்களில் இரட்டைப் பிணைப்பு என்ற பலவீனமான இடங்கள் உண்டு. ஆக்ஸிஜன் அங்கே தாக்குகிறது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. எண்ணெய் ரப்பர்போன்ற திடப்பொருளாகிவிடுகிறது.

எந்த எண்ணெயில் பலவீனமான இடங்கள் எத்தனை என்பதை அளக்க வேதியியலில் 'அயோடின் எண்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்பது கணக்கு. தேங்காயெண்ணெய்க்கு அது 10ஐ ஒட்டி. கடலை எண்ணெய்க்கு 100க்குச் சற்று முன்பின். நல்லெண்ணெய்க்கு 110 சொச்சம். ஆளி எண்ணெய்க்கு 170க்கு மேல். தேங்காயெண்ணெய் உலரவே உலராது, நல்லெண்ணெய் நடுவாந்திரம். பூஜையறைக் குத்துவிளக்கில் தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசுக்கு படிகிறதே, அது பாதி ஓவியமாகிவிட்ட நல்லெண்ணெய்தான்.

ஆக்ஸிஜன் உள்ளே போவதால் எண்ணெயின் எடை முதல் சில நாட்களில் குறைவதற்குப் பதில் கூடுகிறது, ஏறக்குறைய பத்து சதவீதம். தடம் நிலைப்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது. அக்ரிலிக் வண்ணத்தில் தண்ணீர் வெளியேறும். வெளியேறியதற்கு ஏற்ப மேடு தாழும். ஈரத்தில் கூர்மையாக இருந்த முனை காய்ந்ததும் மழுங்கிவிடும். எண்ணெய் வண்ணத்தில் சொல்லும்படியாக எதுவும் வெளியேறுவதில்லை. ஈரத்தில் கண்ட வடிவம் காய்ந்த பிறகும் அப்படியே இருக்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஆக்ஸிஜன் மேலிருந்து உள்ளே போவதால் முதலில் மேல்தோல் இறுகும். உள்ளே பல மாதம், தடித்த இடமானால் பல வருஷம், ஈரம் இருக்கும். வான்கா வரைந்த ஓவியங்கள் சிலவற்றை உள்ளே உலராத நிலையிலேயே ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவிட்டதால், எழும்பியிருந்த மேடுகள் நசுங்கி, அவற்றின்மேல் இன்னொரு துணியின் நெசவே பதிந்திருக்கிறது. எண்ணெய் குறைந்த அடுக்கு அடியில், எண்ணெய் மிகுந்த அடுக்கு மேலே என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். மாறிப்போனால் அடியில் உள்ளது இன்னும் அசைந்துகொண்டிருக்க, இறுகிப்போன மேல்தோல் வெடிக்கும். ஆடிக்காற்று வீசும் மாதத்தில் வரைபவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வது நல்லது. ஈரத் தடத்தில் ஒட்டிய புழுதியை எடுக்கப் போனால் தடமும் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஆக்ஸிஜனோடு சேரும்போது எண்ணெய் சூட்டை வெளியிடுகிறது. கேன்வாஸில் அது தெரியாது. லின்சீட் ஆயில் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், சூடு வெளியே போக வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். துடைத்த துணியை விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள்.

காடா

பல்லடம், சோமனூர் தறிகளிலிருந்து வரும் காடாத் துணிதான் அன்றைய சினிமா பேனர் முதல் இன்றைய மாணவர் கேன்வாஸ்வரை பலவற்றுக்கும் ஆதாரம். எண்ணெய் வண்ணத்தை இதில் நேரடியாகப் பூசக்கூடாது. உலரும் எண்ணெய் பருத்தி இழையையும் சேர்த்துச் சிதைக்கிறது. சில பத்தாண்டுகளில் துணி மொறுமொறுப்பாகிக் கிழியும். பசைப்பூச்சு ஒன்றும் அதன்மேல் வெள்ளைப் பூச்சு ஒன்றும் போட்டுத் துணியை மறைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அந்த வெள்ளைப் பூச்சு சற்றுச் சொரசொரப்பாக இருக்கட்டும். வழவழப்பான பரப்பில் வண்ணத்துக்குப் பிடிமானம் இல்லை.

திமிலை வரைவோம்

இதுவரை பார்த்த எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்கலாம். காங்கேயம் காளை ஒன்று. செம்பழுப்புக் கன்றாகப் பிறந்து, ஆறு மாதவாக்கில் சாம்பலுக்கு மாறும் இனம். வளர்ந்த காளையின் முதுகும் விலாவும் வெண்சாம்பல்; தலை, கழுத்து, திமில், தொடைப் பக்கம் கருஞ்சாம்பல். வெயில் இடது மேலிருந்து விழுகிறது. திமிலையும் அதை ஒட்டிய முதுகையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் நிழல். கருஞ்சாம்பலை டர்பன்டைனில் கரைத்து, துணியின் நெசவு தெரியும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்துவிடுங்கள். திமிலின் வலப்பக்கமும் கழுத்தடி அலைதாடியும் இந்த மெல்லிய பூச்சோடு நிற்கட்டும். அங்கே தடிப்பாக அப்ப ஆசை வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். காரணம் இருக்கிறது. உலர்ந்த எண்ணெயின் பளபளப்பான மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும். வெள்ளை நிறம் எப்படியும் 80 சதவீதத்துக்கு மேல் திருப்புவதால் அந்த 4 கண்ணுக்குப் படாது. கறுப்போ மொத்தமே அந்த அளவுதான் திருப்பும். கறுப்பில் மேடுகள் இருந்தால் ஒவ்வொரு மேட்டின் உச்சியும் மின்னி, ஆழமாக இருக்க வேண்டிய நிழல் வெளிறிப்போகும். வெளிச்சத்தைத் தடிப்பாகவும் நிழலை மெலிதாகவும் வை என்று ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்ததில் இந்த இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

அடுத்து நடுத்தரச் சாம்பல். திமில் வளைந்து இறங்கும் போக்கிலேயே பிரஷ்ஷை இழுக்கலாம். இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

கடைசியாக வெயில் பட்ட இடம். இதற்குத்தான் இவ்வளவும். வெள்ளையில் துளி மஞ்சள்மண் நிறம் கலந்து, எண்ணெய் சேர்க்காமல், பேலட் நைஃபால் குழைத்துக்கொள்ளுங்கள். அகலமான பன்றிமயிர் பிரஷ்ஷின் ஒரு பக்கத்தில் மட்டும் தாராளமாக அள்ளுங்கள். முதுகு தொடங்கும் இடத்தில் வைத்து, ஓரங்குல தூரம் இழுத்து, தூக்கிவிடுங்கள்.

விழுந்த தடத்தைக் குனிந்து பாருங்கள். தொடங்கிய இடத்தில் பிரஷ் அழுத்தியதால் வண்ணம் இருபுறமும் பிதுங்கி இரண்டு கரைகள் எழும்பியிருக்கின்றன. நடுவில் மயிர் கீறிய சால்கள். அவற்றின் அடியில் சில இடங்களில் கீழே இருந்த சாம்பல் எட்டிப்பார்க்கிறது. தூக்கிய இடத்தில் வண்ணம் இழுபட்டு அறுந்து, ஓர் உதடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முதுகு மயிரின் சொரசொரப்பு, தோலின் மடிப்பு, வெயிலின் கூசல், மூன்றையும் ஒரு மூச்சில் அந்தத் தடம் சொல்லிவிட்டது. இனி அதைத் தொடக்கூடாது. திருத்தப் போய் இன்னொரு இழுப்பு இழுத்தால் அடியில் உள்ள ஈரச் சாம்பல் மேலே கலந்து, நிறம் சேறாகும்.

தடத்தை எந்தத் திசையில் வைப்பது? படம் மாட்டப்போகும் இடத்தின் விளக்கை யோசித்தால் விடை கிடைக்கும். சுவரை ஒட்டிச் சாய்ந்து விழும் வெளிச்சத்தைச் 'சாய்வொளி' என்போம். சுவரோடு 20 டிகிரி சாய்வில் ஒளி விழுந்தால், 1 மில்லிமீட்டர் உயர மேடு ஏறக்குறைய 2.75 மில்லிமீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். ஆனால் மேடு ஒளியின் குறுக்கே கிடக்க வேண்டும். ஒளியின் திசையிலேயே ஓடும் மேட்டுக்கு நிழல் மிகக் குறைவு. தடம் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். கூடங்களில் விளக்கு பெரும்பாலும் மேலே. அதனால் கிடைமட்டத் தடங்கள் துருத்திக்கொண்டு தெரியும். செங்குத்துத் தடங்கள் அடங்கிவிடும். காளையின் முதுகு கிடைமட்டம் என்பது நமக்கு வசதி. செல்போன் டார்ச்சைக் கேன்வாஸின் மேல் விளிம்பில் பிடித்துப் பார்த்தால், வரைந்துகொண்டிருக்கும்போதே இது தெரிந்துவிடும்.

பேனரின் அடியில்

தடம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்குச் சினிமா பேனரைப்போல் நல்ல பாடம் இல்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டிய ஊர் கோவை. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் படமெடுத்த ஊர். ஃப்ளெக்ஸ் வரும்வரை இங்கே தியேட்டர் முகப்பை நிறைத்தவை கையால் வரைந்த பேனர்கள். அந்த மரபில் வளர்ந்த கோவை ஓவியர் ஜீவாவின் 'திரைச்சீலை' நூல் 2010ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்பு பெற்றது. ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாக்கி வரைவது பேனர்க்காரர்களின் முறையாக இருந்தது. பக்கத்தில் நின்றால் கன்னத்தில் ஒரு ரோஸ் திட்டு, தாடையில் பச்சையோ நீலமோ ஓர் இழுப்பு. ரோட்டைக் கடந்து எதிர்க்கடையில் நின்று பார்த்தால் சிவாஜி.

கண்ணின் கூர்மைக்கு ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வை உள்ளவருக்கு 10 மீட்டரில் சுமார் 3 மில்லிமீட்டர், 34 மீட்டரில் சுமார் 1 சென்டிமீட்டர். அதைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும். ஆனால் பேனர்க்காரரின் பிரஷ் இரண்டங்குலம். அந்தத் திட்டுகள் கண்ணில் முற்றிலும் கலந்துபோக 170 மீட்டர் விலக வேண்டும். முகமோ அதற்கு வெகு முன்பே, தெருவின் மறுகரையிலேயே தெரிந்துவிடுகிறதே?

லியோன் ஹார்மனும் பேலா ஜூலெஸும் 1973இல் இதற்கு விடை சொன்னார்கள். ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரங்களாக மாற்றி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரே சாம்பல் நிறம் கொடுத்தார்கள். பக்கத்தில் பார்த்தால் சதுரங்கள். கண்ணைச் சுருக்கினால் லிங்கன். முகத்தை அடையாளம் காணத் தேவையான தகவல் அந்தப் பெரிய திட்டுகளிலேயே இருந்தது. சதுரங்களின் கூர்மையான ஓரங்கள்தான் அதை மறைத்தன. மங்கலாக்கினால் ஓரம் போய்விடும், முகம் வந்துவிடும். திட்டு முழுதாகக் கலக்க வேண்டியதில்லை, ஓரம் மழுங்கினால் போதும். ஓவியர்கள் வேலைக்கு நடுவே கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பது இந்தச் சோதனையைத்தான்.

பேனர்க்காரர் துணியின் அடியில் நின்று வரைகிறார். பார்க்கப்போகிறவர் இருக்கும் இடத்திலிருந்து அவருக்குப் படம் தெரியாது. பக்கத்தில் நின்று, தூரத்தில் தெரியப்போவதை மனதில் வைத்துத் திட்டு வைக்கும் அந்தத் திறமையை இன்று எந்த ஓவியப் பள்ளியும் தனியாகக் கற்றுத்தருவதாகத் தெரியவில்லை. கற்றுத்தர வேண்டும் என்பது என் கட்சி. இரண்டடிக் கேன்வாஸிலும் அதே சிக்கல்தான். கைக்கெட்டும் தூரத்தில் நின்று வரைகிறோம்; பார்ப்பவர் அறையின் மறுகோடியில் நிற்பார். பக்கத்திலேயே நின்று பழகியவர்கள் திமிலின் ஒவ்வொரு ஓரத்தையும் நுணுக்கித் திருத்தித் தடத்தைக் கொன்றுவிடுகிறார்கள்.

நாலு தடம் வைத்தால் ஒருமுறை பின்னால் போய்ப் பார்ப்பது வழக்கம். பத்தடி அறையில் பின்னால் போக இடமில்லை என்றால், ஈசலுக்கு எதிர்ச்சுவரில் பழைய டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி ஒன்றை மாட்டிவிடுங்கள். ஈசல் பக்கத்திலேயே நின்று திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தால், பத்தடி போய்ப் பத்தடி வந்து, இருபதடித் தூரத்தில் படம் தெரியும். இடம் வலமாகத் திரும்பியும் தெரிவதால், திமில் ஒருபக்கம் சரிந்திருந்தால் அதுவும் அப்போதே அகப்பட்டுவிடும்.